ஏழு புத்தகப் பைகள் தொங்கிய வீடு

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான அந்த லயக் காம்பராவுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தபோது என் கண்ணில் பட்டவை புத்தகப் பைகள்தான். சுவரில் வரிசையாக ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். ஆறு. நாங்கள் கொண்டுபோனது ஏழாவது.

நாங்கள் என்றால், முருகன் கோயில் மாதர் குழு. ஹந்தானை மலைக்கு ஏறுகிற பாதையோரத்தில் எங்கள் கோயில். ஐந்து பேர் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை பொங்கல் வைப்பது, விளக்குத் துலக்குவது, திருவிழாவுக்குப் பூக்கட்டுவது எல்லாம் எங்கள் பொறுப்பு. ஆண்டவன் கொடுத்த தெம்பில் நாலு பேருக்கு நல்லதும் செய்வோம் என்று ஒரு நினைப்பு. என் வீட்டுக்காரர் எங்களைப் ‘பொங்கல் கட்சி’ என்பார். கட்சி என்றால் தலைவி வேண்டுமே. எங்கள் தலைவி அக்கா கட்டுகஸ்தோட்டையில் பிறந்து வளர்ந்தவர். கணவருக்கு டவுனில் கட்டில், கதிரை விற்கிற தளபாடக் கடை. யாரும் தேர்ந்தெடுக்காமலே தலைவியானவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் “அடுத்த கூட்டம் எப்ப?” என்றுதான் கேட்பார். தங்கமான மனது. குரல்தான் கொஞ்சம் வெண்கலம்.

கோயிலில் கேள்விப்பட்டுத்தான் அந்த வீட்டுக்குப் போனோம். அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போய் ஆறு மாதம். அப்பா டவுன் சந்தையில் மூட்டை தூக்குகிற நாட்டாமை. அரிசி மூட்டையோடு சறுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டுக் கிடந்தார். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவளுக்குப் பதினொரு வயது. அடுத்தது இரட்டைப் பிள்ளைகள், நாலு வயது, ஒரு ஆண் ஒரு பெண். தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கப் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளைத்தான் எடுப்பார்களாம். அதனால் மூத்தவள் ஸ்கூலை நிறுத்திவிட்டுத் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு, சமைத்துக்கொண்டு, அப்பாவுக்குக் கட்டிலுக்கே சோறு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டு இருந்தாள்.

இதைக் கேட்டதும் எங்களுக்கு நெஞ்சு உருகிவிட்டது. அரிசி, பருப்பு, சீனி, பால்மா, சோயா மீட் எல்லாம் கட்டி, மேலே ஒரு புத்தகப் பையும் வைத்தோம். பூனைக்குட்டி படம் போட்ட ஊதா நிறப் பை. நான்தான் தேடி எடுத்தேன். பிள்ளைக்குப் படிப்பு முக்கியம் இல்லையா? தலைவி அக்கா ஒரு பதாகையும் அடித்து வந்திருந்தார். படம் எடுக்க.

அங்கே போனால் ஆறு பைகள்! தேர்தலுக்கு முந்தி ஒருவர் கொடுத்தது, அவரிடம் தோற்றவர் மனம் தளராமல் பிறகு கொடுத்தது, வெளிநாட்டுக் காசில் நடக்கிற ஏதோ அமைப்பு கொடுத்தது, பழைய மாணவர்கள் கொடுத்தது என்று அப்பாக்காரர் படுத்த இடத்தில் இருந்தே ஒவ்வொன்றுக்கும் வரலாறு சொன்னார். ஒரு பையில் வெங்காயம். ஒன்றில் அவர் உடுத்துகிற சாரம். ஒன்றில் எக்ஸ்ரே. ஒன்றில் அடுப்புப் பற்றவைக்கிற சுள்ளி. ஏழு பை இருக்கிற அந்த வீட்டில் ஸ்கூலுக்குப் போக ஒரு ஆள் இல்லை.

மூத்தவள் ஏழாவது பையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். படத்துக்கு எங்கே நிற்கவேண்டும் என்றுகூட நாங்கள் சொல்லவில்லை. தானாகவே பதாகைக்கு வலப்பக்கம் போய் நின்றாள். ஆறு தரம் நின்ற பழக்கம். படம் முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“அத்தை, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு புள்ள.”

“காலையில ஏழு மணிக்கு யாராச்சும் வந்து இதுக ரெண்டோட இருந்தா, நான் ஸ்கூலுக்குப் போயிருவேன். ரெண்டு மணிக்கெல்லாம் வந்துருவேன். அவ்ளோதான்.”

தலைவி அக்கா, “அதுக்கென்ன, பாக்கலாம்” என்றார். எங்கள் ஊரில் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று பிள்ளைக்குத் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.

அப்போதுதான் அப்பாக்காரர் மெதுவாகச் சொன்னார். “புள்ள வரலைன்னு ஸ்கூல்ல இருந்து எழுதிப் போட்டுட்டாங்க அக்கா. புள்ளைகளப் பாதுகாக்கிற நன்னடத்தை ஆபீஸ் மிஸ் வந்து போட்டோவெல்லாம் புடிச்சிட்டுப் போயிருச்சு. இன்னொருக்கா வருமாம். புள்ளைகளப் பாக்க ஆள் இல்லைன்னா சிறுவர் இல்லத்துக்கு எடுத்துருவாங்களாம். பொம்பளப் புள்ளைக ரெண்டும் ஒரு இல்லம், பையன் வேற இல்லம். இவங்க அம்மாகிட்ட இன்னும் முழுசாச் சொல்லல. சொன்னா வேல செய்ற வீட்டு மதிலேறிக் குதிச்சு ஓடி வந்துருவா. அங்க குதிச்சா ஜெயில்தான்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

இரட்டையர் இருவரும் அந்த நேரம் ஒரே வாழைப்பழத்தை இரண்டு முனையிலிருந்தும் தின்றுகொண்டிருந்தார்கள். இவர்களையா பிரிப்பார்கள்?

மலையிறங்கி வரும்போது ஐந்து பேரும் வாய் திறக்கவில்லை. எங்கள் குழு சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. கோயில் வாசலுக்கு வந்ததும் தலைவி அக்கா நின்றார்.

“அஞ்சு பேரு இருக்கோம். ஸ்கூல் அஞ்சு நாளு. என்னடி சொல்றீங்க?”

அவ்வளவுதான் கூட்டம். யாருக்கு எந்த நாள் என்பதில்தான் அரை மணி நேரம் சண்டை போட்டோம். வெள்ளிக்கிழமை எனக்கு விழுந்தது. “நீ எப்படியும் விரதம். புள்ளைங்க சோத்துல கை வைக்க மாட்ட” என்றார் தலைவி அக்கா.

அடுத்த திங்கட்கிழமை பூனைக்குட்டிப் பையை மாட்டிக்கொண்டு மூத்தவள் ஸ்கூலுக்குப் போனாள்.

என் வெள்ளிக்கிழமைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். சும்மா போய்ப் பிள்ளை பார்த்துவிட்டு வருகிற ஆள் இல்லை நான். காலையில் போனதும் இரட்டையருக்கு முகம் கழுவி, திருநீறு பூசி, முருகன் படத்துக்கு முன்னால் நிறுத்தி, “கண்ண மூடு, வேண்டிக்க” என்பேன். ஹந்தானைக் குளிரில் பல் தந்தியடிக்க நிற்பார்கள். நானும் கண்ணை மூடுவேன். மூடினார்களா என்று ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தால் நாலு கண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

“என்ன வேண்டிக்கிட்ட?” என்று பையனைக் கேட்டேன்.

“பஸ்.”

“பொம்மை பஸ்ஸா?”

“இல்ல. பெரிய பஸ். கட்டுகஸ்தோட்டை போற பஸ்.”

“நீ என்னம்மா வேண்டிக்கிட்ட?”

“அதே பஸ்” என்றாள் தங்கச்சி.

நன்னடத்தை மிஸ் வருகிற நாள் தெரிந்துவிட்டது. ஒரு புதன்கிழமை. விளக்கேற்றும்போது மனம் கலங்கி, “முருகா, இந்தப் பிள்ளைகளைப் பிரிக்காமல் விட்டால் இரண்டு பேருக்கும் மொட்டை போட்டு உன் சந்நிதியில் நிறுத்துகிறேன்” என்று வேண்டிவிட்டேன். பிறகு எனக்கே ஒரு யோசனை வந்தது. காரியம் முடிந்த பிறகு மொட்டை போடுவது எல்லோரும் செய்வதுதானே. முதலிலேயே போட்டுவிட்டால்? முருகனுக்கும் ஒரு கட்டாயம் வந்துவிடும் அல்லவா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரைக் கீழே வைத்தார்.

“சாமிக்கே அட்வான்ஸ் குடுக்கப் போறியா?”

“நக்கல் பண்ணாதீங்க.”

“நக்கல் இல்ல. ஒரு சந்தேகம். நேத்திக்கடன் வச்சது நீ. மொட்டை அதுகளுக்கா?”

சாமி காரியத்தில் வாய் வைக்காதீர்கள் என்று அவர் வாயை அடைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என் காதுக்குள் ஒரு கொசுவைப்போல் நின்றுவிட்டது.

அப்பாக்காரர் சம்மதித்தார். அம்மாவிடமும் வீடியோ கோலில் கேட்டோம். குவைத்தில் ஒரு குசினி மூலையில் நின்றுகொண்டு, “முருகனுக்குத்தானே, போடுங்கக்கா” என்று அழுதுகொண்டே சொன்னாள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிக் காட்டியதும் அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது. “ஐயோ, எது மகன், எது மகள்?” என்றாள். எங்களுக்கும் அதுதான் பிரச்சினை. முடி இருந்தவரைக்கும் பின்னலை வைத்துத்தான் அடையாளம். இப்போது இரண்டும் உரித்த பனங்கிழங்கு மாதிரி ஒரே அச்சு.

இது என் பங்கு கூத்து. தலைவி அக்காவின் பங்கு இதைவிடப் பெரிது.

“வர்றவங்க வீட்டத்தான் மொதல்ல பாப்பாங்க. வீடு இப்படி மொட்டையா இருந்தா என்ன நினைப்பாங்க?” என்றார். கடைக்காரர் மனைவி அல்லவா, தளபாடம் இல்லாத சுவரைப் பார்த்தால் அவருக்குக் கை பரபரக்கும். மிஸ் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் அவர் வீட்டிலிருந்து மூன்று பேர் உட்காருகிற செட்டி ஒன்று முச்சக்கர வண்டியின் கூரையில் கட்டப்பட்டு மலையேறி வந்தது. பாதையிலிருந்து லயத்துக்கு அறுபது படி. தூக்கவேண்டியது நாங்கள் ஐந்து பேர்.

அப்பாக்காரரைக் கதிரையில் வாசலில் உட்கார்த்தி வைத்திருந்தோம். இருபது வருடம் மூட்டை தூக்கிய மனிதர், மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு நாங்கள் செட்டி தூக்குவதைப் பார்த்துத் துடித்த துடிப்பு இருக்கிறதே!

“அக்கா, முதுகால தூக்காதீங்க! முட்டிய மடக்குங்க, முட்டிய! ஐயோ, மூலையில யாரு? ஒத்தைக் கையால புடிக்காதீங்க! தலைவியக்கா, நீங்க தூக்குறீங்களா, புடிச்சுக்கிட்டு நடக்குறீங்களா?”

“நான் பாதை பாக்குறேன்!” என்றார் தலைவி அக்கா.

“அதுக்கு எங்க சந்தையில தனி ஆள் வைக்கிறதில்லக்கா!”

கால் முறிந்த பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். செட்டி உள்ளே போனதும் அறையில் நிற்க இடமில்லை. ஆனால் நாங்கள் நிறுத்தவில்லை. ஒவ்வொருத்தியும் தன் வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவர வேண்டும் என்று பேச்சு. யார் எதைக் கொண்டுவருவது என்று பேசிக்கொள்ளவில்லை. மூன்று பேர் சுவர் மணிக்கூடு கொண்டுவந்தோம். ஒன்றில் நாலரை, ஒன்றில் நாலே முக்கால், என்னுடையது ஓடவில்லை, படத்துக்காகக் கொண்டுவந்தேன், லட்சுமி படம் போட்டது. ஒருத்தி பூப்போட்ட திரைச்சீலை. இது போதாது என்று தலைவி அக்கா ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்க மீன்களைக் கொண்டுவந்து செட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். மீன் இருக்கிற வீட்டில் பிள்ளைகள் அமைதியாக இருக்குமாம்.

மூத்தவள் குடத்தில் தண்ணீர் பிடித்து வந்து வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். “அத்தை, ராத்திரி நாங்க எங்க படுக்கிறது?” என்றாள்.

“ஒரு ராத்திரிதானே, செட்டியில படு புள்ள. நாளைக்கு மட்டும் ஸ்கூலுக்குப் போகாத. மிஸ் வரும்போது நீயும் இருக்கணும். தலை சீவிப் பூ வச்சு விடுறோம்.”

“நாளைக்குக் கணக்கு டெஸ்ட் அத்தை.”

“டெஸ்ட் பெருசா, குடும்பம் பெருசா?” என்று தலைவி அக்கா ஒரு அதட்டல் போட்டார். நாங்கள் நாலு பேரும் சேர்ந்துகொண்டோம். நானும்தான். பிள்ளை பூனைக்குட்டிப் பையைத் தூசி தட்டி ஆணியில் மாட்டினாள். சரி என்று நினைத்துக்கொண்டோம்.

புதன்கிழமை விடிந்ததும் ஐந்து பேரும் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போய் இறங்கினால் அவளைக் காணோம். ஆணியில் பூனைக்குட்டிப் பையையும் காணோம். “ஆறரைக்கே போயிட்டா” என்றார் அப்பாக்காரர், குற்றவாளி மாதிரி. தலைவி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செட்டியில்தான்.

ஒன்பதரைக்கு மிஸ் வந்தார். முக்காடு போட்ட, முப்பது முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க முஸ்லிம் பெண். கையில் ஒரு தடித்த கோப்பு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர முயன்று, முடியாமல், பக்கவாட்டாகத் திரும்பித்தான் நுழைந்தார். செட்டியைப் பார்த்தார். மூன்று மணிக்கூடுகளையும் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மீனைப் பார்த்தார்.

“போன முற வரக்குள்ள இதெல்லாம் இல்லயே?”

“இப்பதான் மிஸ், கொஞ்சம் கொஞ்சமா...” என்றார் தலைவி அக்கா. “புள்ளைங்களுக்கு மீன்னா உசிரு.”

“நேத்துதான் வந்துச்சு” என்றது செட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு மொட்டைத் தலை.

“சாயங்காலம் எடுத்துட்டுப் போயிருவாங்க” என்றது இன்னொரு மொட்டைத் தலை.

மீன் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியது. மிஸ் இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். கோப்பைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்தார். அதில் நெற்றி மறைய முடி வைத்த பையனும் இரட்டைப் பின்னல் போட்ட பெண்ணும் இருந்தார்கள். அவர் முகம் மாறிவிட்டது.

“இவங்க ஆரு?”

“இவங்கதான் மிஸ் அவங்க” என்றேன் நான்.

“செட்டியக் கொண்டு வந்தீங்க. மணிக்கூட்டக் கொண்டு வந்தீங்க. புள்ளயளயும் ஆர்டயாச்சும் வீட்டில இருந்து எடுத்திட்டு வந்தீங்களா?”

அப்பாக்காரர் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். முருகனுக்குக் கொடுத்த அட்வான்ஸ் இப்படித் திரும்பும் என்று யார் கண்டார்கள்? ஆளே இல்லை என்று எழுதுவதற்குப் பதிலாக, ஆள்மாறாட்டம் என்று எழுதினால் என்ன ஆகும்?

“மிஸ், நான்தான் மிஸ் செஞ்சேன். நேத்திக்கடன் மிஸ். மொட்டை போட்டது நான்தான். அப்பாகிட்ட கேட்டேன், அம்மாகிட்ட போன்ல கேட்டேன்...”

“எங்கள்ட கேட்டீங்களா?”

“இல்ல மிஸ். முருகன்கிட்டதான் கேட்டேன்.”

“சரி. இதில எது பொம்புளப் புள்ள?”

“காது குத்தியிருக்கிறது மிஸ்” என்று முந்திக்கொண்டார் தலைவி அக்கா. இரண்டு பிள்ளைக்கும் காது குத்தியிருந்தது. எங்கள் பக்கம் ஆண் பிள்ளைக்கும் குத்துவோம் என்பது அவருக்கு அந்த நேரம் மறந்துபோனது.

மிஸ் கோப்பை மூடிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். செட்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. “நீங்க ஒருத்தரும் பேச வாணாம். வாங்க ரெண்டு பேரும் இங்க” என்று பிள்ளைகளைக் கூப்பிட்டார். போய் மடியோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள், வெட்கமே இல்லாமல்.

“உங்கட அக்கா எங்க?”

“ஸ்கூலுக்கு.”

“அக்கா ஸ்கூலுக்குப் போனா உங்களை ஆரு பாக்கிற?”

“அத்தைங்க.”

“எந்த அத்தை?”

பையன் விரலை மடக்க ஆரம்பித்தான். “திங்கக்கிழமை உப்பில்லாத அத்தை. செவ்வாக்கிழமை போன் அத்தை.”

“போன் அத்தையென்டா?”

“போன்லயே பேசிட்டு இருப்பாங்க. நாங்க மேல ஏறி வெளையாடுவோம்.”

“புதன்கிழமை?”

“பேன் அத்தை” என்றாள் தங்கச்சி. “இப்ப தலையில பேன் இல்ல. அதனால கதை சொல்றாங்க.”

“வியாழக்கிழமை கத்துற அத்தை” என்று பையன் தலைவி அக்காவைக் கையால் காட்டினான். “ஆனா இடியப்பம் கொண்டு வருவாங்க.”

“வெள்ளிக்கிழமை?”

இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். “கண்ணமூடு அத்தை!”

சொல்லிவிட்டு இரண்டும் கை கூப்பி, தலையைக் குனிந்து, ஒரு கண்ணை மட்டும் இறுக்கி மூடி, மறு கண்ணால் என்னைப் பார்த்துக் காட்டின. நான் தினம் சாமி கும்பிடுகிற கோலம் அச்சு அசலாக அதுதான். மிஸ் கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கோப்பு குலுங்கியது.

“சனி, ஞாயிறு?” என்றார் கோப்புக்குப் பின்னாலிருந்து.

“அப்பா. அப்பா கட்டுப் போட்ட கால்ல நாங்க படம் கீறுவோம்.”

கோப்பை இறக்கி எட்டிப் பார்த்தார். மாவுக்கட்டு நிறைய பஸ் படம்தான், பாதம் வரைக்கும்.

“இண்டைக்குப் புதன்கிழமை. பேன் அத்தை வந்தீக்கிறாவா?”

தங்கச்சி எழுந்து எங்கள் ஐந்து பேருக்கும் நடுவே நடந்துபோய்ச் சரியான ஆளின் சேலையைப் பிடித்தாள்.

மிஸ் வெளியே போய்ப் போன் எடுத்தார். ஸ்கூலுக்குத்தான் பேசினார், பாதி தமிழ், பாதி சிங்களம். அவர் பேசி முடிக்கும்வரை நான் நூற்றெட்டு தரம் முருகன் பெயரைச் சொல்லியிருப்பேன். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டுதான்.

உள்ளே வந்தார். பக்கவாட்டாக.

“நீங்க ஒழுங்கு போட்ட நாள்ல இருந்து அந்தப் புள்ள ஒரு நாள் தவறாம ஸ்கூலுக்குப் போயீக்கி. இப்ப டெஸ்ட் எழுதிட்டு ஈக்கிறாவாம்.” பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “உண்மையச் சொல்லுங்க. இண்டைக்கு அவவ நிப்பாட்டப் பாத்தீங்களா?”

ஐந்து பேரும் மீனைப் பார்த்தோம்.

“நல்ல வேல போயிட்டா. ஸ்கூலுக்குப் போறல்ல என்டு வந்த முறைப்பாடு இது. நான் வாற நாளே அவ பூ வச்சிட்டு வீட்டில குந்தீந்தா, நான் வேற மாதிரி எழுதீப்பன்.”

தலைவி அக்கா முதன்முறையாக மெல்லிய குரலில் பேசினார். “அப்ப செட்டியப் பத்தி எழுதுவீங்களா மிஸ்?”

“செட்டிய நான் காணல்ல” என்றார் மிஸ். “ஆனா இண்டைக்கே எடுங்க. புள்ளயளுக்குப் படுக்க இடமில்ல. மீன வச்சிட்டுப் போங்க.” பிறகு அப்பாக்காரர் பக்கம் திரும்பி, “புள்ளயள் இங்கயே ஈக்கட்டும் என்டுதான் நான் எழுதுவன். முடிவு மேல இருந்து வரும். மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து பாப்பன். சொல்லாம வருவன், சரியா?” என்றார். போகும்போது என் தோளைத் தொட்டு, “கண்ணமூடு அக்கா, இனி மொட்ட போடுறத்துக்கு முந்தி ஒரு கோல் குடுங்க” என்றார்.

செட்டியைத் திரும்ப இறக்கினோம். அப்பாக்காரர் மறுபடி கத்தினார். ஆனால் பாதிப் படியில் அவர் குரல் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் இரட்டையரை இரண்டு பக்கமும் நிறுத்தி அணைத்துக்கொண்டு, அந்த மொட்டைகளின் மேல் தாடையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நாங்கள் பார்க்காத மாதிரிச் செட்டியைப் பார்த்தோம். முட்டியை மடக்கித்தான் தூக்கினோம்.

மூத்தவள் இரண்டு மணிக்கு வந்தாள். கணக்கில் ஒரு கேள்விதான் விட்டுப்போனதாம். தலைவி அக்கா அவளை இழுத்து உச்சி முகர்ந்து, தன் கூந்தலில் இருந்த பூவை எடுத்து அவளுக்கு வைத்துவிட்டார். அவள் வெறுமையான அறையைப் பார்த்தாள், “அப்பாடா” என்றாள்.

மேலிருந்து முடிவு வரும்வரைக்கும் பயம்தான். ஆனாலும் நாட்கள் ஓடின. நாங்கள் ஐந்து பேரும் மலையேறுவதை நிறுத்தவில்லை. திங்கட்கிழமைக்காரி உப்புப் போடப் பழகிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைக்காரி போனை வீட்டில் வைத்துவிட்டு வருகிறாளாம், நான் நம்பவில்லை. ஆணியில் மிச்சமாகத் தொங்கிய ஆறு பைகளில் ஐந்தை மூத்தவள் எங்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டாள். “நீங்கதான் தினம் சாமான் தூக்கிட்டு வாறீங்க” என்றாள். என்னுடையதில் ஒரு கரடி, கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் அதை முதுகில் மாட்டிக்கொண்டு நான் படியிறங்கும்போது வீட்டுக்காரர், “டீச்சர் அடிச்சா சொல்லு, நான் வர்றேன்” என்பார். ஆறாவது பையில் வெங்காயம் இருக்கிறது.

வீட்டுக்காரர் அன்று கேட்ட அந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டியிருந்தது. நேர்த்தி வைத்தவள் நான். தங்கச்சியும் ஒரு நாள் தன் தலையில் முளைத்திருந்த முள்ளு முடியைத் தடவிக்கொண்டு, “அத்தை, ஒங்களுக்கு எப்ப மொட்டை?” என்று கேட்டுவிட்டாள். குழந்தை வாயில் வந்தால் முருகனே கேட்ட மாதிரி. சந்நிதியில் உட்கார்ந்து பூமுடி கொடுத்தேன். முன்னுச்சியில் மூன்று பிடி முடி. இரட்டையர் இருவரும் பக்கத்தில் நின்று, அவ்வளவுதானா என்று ஏமாற்றமாகப் பார்த்தார்கள்.

கடிதம் ஒரு வெள்ளிக்கிழமைதான் வந்தது. அப்பாக்காரர் ஊன்றுகோலோடு வாசலில் நின்று வாங்கினார். சிங்களத்தில் இருந்தது. பக்கத்து லயத்துத் தம்பி வாசித்துச் சொன்னார்: மூன்று பிள்ளைகளும் தகப்பனோடு வீட்டிலேயே இருக்கலாம். உடனே குவைத்துக்குக் கோல் எடுத்தோம். கேட்டதும் அம்மாக்காரி போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, திரை இருண்டுவிட்டது. இந்த ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுவாள்.

நான் இரட்டையரைக் கூப்பிட்டுத் திருநீறு பூசி, முருகன் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். “கண்ண மூடுங்க. கேட்டதக் குடுத்துட்டாரு. நன்றி சொல்லுங்க” என்றேன்.

பையன் ஒரு கண்ணைத் திறந்து வாசலுக்கு வெளியே பார்த்தான். படியையும் அதற்கு அப்பால் தெரிகிற பாதையையும் பார்த்தான்.

“பஸ் இன்னும் வரலையே அத்தை” என்றான்.